லாக்டோமீட்டரில் அளந்த கடல்

போன வாரம் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்குவதற்காக வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். போயிருந்தேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் பாதி வழி போய், பாலத்தில் நின்று ஆற்றை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாட்களும் உண்டு. ஊசி போட்டால் மயங்கி விழுவோமோ, நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ, பிடுங்கியபின் ரத்தம் நிற்காமல் போனால் யார் ஆட்டோ பிடிப்பது என்றெல்லாம் யோசிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி யோசித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவன், ஆட்கள் காத்திருக்கும் ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் பல்லை மறந்துவிட்டேன். கடல்மீன் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தன. மேலே ஒரு சின்னப் பெட்டியில் தண்ணீரின் உப்பு அளவு சிவப்பு எண்ணாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த எண் போதவில்லை. மூடியின் ஓரத்தில் துளிர்த்திருந்த ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீட்டு எழுதும் பெண் பார்த்துவிட்டது.

“அண்ணாச்சி, என்ன செய்யுதிய? அது மீன் தண்ணி.”

“தெரியும்மா. உவரி உப்புதானான்னு பாத்தேன்.”

அந்தப் பிள்ளை டாக்டர் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தது, என்னை ஒரு தடவை பார்த்தது. பல்லுக்கு வந்தவனா, தலைக்கு வந்தவனா என்று அதற்குச் சந்தேகம். உட்கார்த்தி வைத்துச் சொல்ல அங்கே நேரமில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

அந்த உப்பு என் நாக்கில் ஏறியது மேலப்பாளையத்தில், லாத்தா வீட்டு முன்னறையில். லாத்தா என்றால் என் அக்கா. அவள் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், அப்போது ஷார்ஜாவில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தார். ஓட்டல் என்றதும் பரோட்டா நினைப்பு வருகிறதா? எங்கள் தெருவுக்கும் அப்படித்தான் வந்தது. அவருக்கு அங்கே அடுப்படியில் வேலையில்லை. கீழ்த்தளத்தில் ஒரு சுவர் முழுக்கக் கடல்மீன் தொட்டி. அதைத் துடைப்பது, தண்ணீர் மாற்றுவது, தீவனம் போடுவது. வருவார், வந்த மாதிரி இருக்கும், போய்விடுவார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் லாத்தா அவரோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு மழைக்காலமும் ஒரு மாம்பழக் காலமும் தேறும்.

அந்தத் தடவை லீவில் வந்தவர், இங்கேயே கலர்மீன் கடை போடலாமென்று இருக்கிறேன் என்றார். லாத்தா அன்று ரசத்தில் புளி கரைக்க மறந்துவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்தோம்.

ஆனால் மச்சான் ஒரு கொக்கி போட்டிருந்தார். தங்கமீனும் கப்பியும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கடையின் முகப்பில் ஒரு கடல்மீன் தொட்டி நின்றால்தான் ஜனம் நின்று பார்க்கும், உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. முதலில் வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். எங்களுக்கு முன்னால் வைத்தே லாத்தாவிடம் சொன்னார்:

“கடல் தொட்டி நின்னுட்டுன்னா நானும் நிக்கேன். நிக்கலன்னா பெருநாள் கழிச்சு ஏறிருவேன். விசா இன்னும் உயிரோடதான் கெடக்கு, பாத்துக்க.”

அன்றிலிருந்து லாத்தா அந்தத் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் வாய்க்குள் எதையோ ஓதிவிட்டுப் போவாள். மீன் என்றாலே குழம்பு என்று நினைக்கிறவள் அவள்.

துணைக்கு ஆள் வேண்டுமென்று மச்சான் என்னைப் பிடித்தார். நான் ஒன்பதாம் வகுப்பில் அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சலில் படுத்தவன். அந்தக் காய்ச்சல் பள்ளிக்கூடத்தை விட்டபிறகுதான் இறங்கியது. அதன்பின் கொக்கிரகுளத்தில் ஒரு அண்ணாச்சியின் டீக்கடையில் சில வருடம் நின்றேன். டீ சூடு குறைந்துவிட்டதோ, சர்க்கரை கூடிவிட்டதோ என்று குடிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். “ஏலே, அவரு குடிக்கட்டும்லே, நீ ஏன் கூடவே முழுங்குதே?” என்று அண்ணாச்சி திட்டுவார். அங்கிருந்துதான் மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கடல் தண்ணீர் உவரிக் கடற்கரையிலிருந்து வந்தது. மேலப்பாளையம் சந்தைக்கு மீன் கொண்டுவரும் வேனில் அந்தோணி அண்ணன் கேன்களில் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார். ஐஸ், மீன், டீசல், ஈரச் சாக்கு எல்லாம் கலந்த ஒரு வாசனை கேனோடு சேர்ந்தே வீட்டுக்குள் வரும். “பக்கத்துல ஆறு ஓடுது. கடலச் சொமந்துட்டு வரச் சொல்லுதிய. நாளைக்கு அலையையும் கேப்பிய” என்பார். ஒருமுறை நான் அவரிடம், உங்கள் கடலில் எவ்வளவு உப்பு இருக்கும் அண்ணே என்று கேட்டேன். “எனக்கு என்னடே தெரியும்? மீனு எங்கன கெடக்குன்னு கேளு, சொல்லுதேன்” என்று சொல்லி வேனில் ஏறிவிட்டார்.

அப்போது எங்கள் வீட்டில் உப்பளக்கும் கருவி மச்சானின் நாக்குதான். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் ஒதுக்கித் துப்புவார், எனக்கும் ஒரு சொட்டு நாக்கில் வைக்கத் தருவார்.

“சப்புன்னு இருக்கு மாப்ளே. அங்க நாக்குல வச்சா சுள்ளுன்னு பிடிக்கும். இது என்ன கடலு?”

அங்கே வெயில் அதிகம், வந்து விழும் ஆறு குறைவு, அதனால் அந்தக் கடலே உப்புக் கூடினது என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் சொன்னதே சட்டம். உவரித் தண்ணீர் போதாது, இறுக்க வேண்டும் என்றார். இறுக்குவது எப்படி? மொட்டைமாடியில் அகலமான பேசின்களில் ஊற்றி வெயிலில் வைத்தோம். சித்திரை வெயில் பாதியைக் குடித்துவிடும். மீதியை நாக்கில் வைத்துப் பார்த்து, சுள்ளென்று பிடித்தால் தொட்டிக்குப் போகும். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண்கள், “என்ன, உங்க வீட்டுல உப்பளம் போட்டிருக்கியளா?” என்று லாத்தாவைக் கேட்டார்கள். லாத்தா சிரித்துவிட்டுக் கீழே வந்து என்னை முறைத்தாள்.

மீன்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்தன. காற்று ஊதிக் கட்டிய பாலித்தீன் பையில் இரண்டு. ராமேசுவரம் பக்கத்துக் கடலில் பிடித்தவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோமாளி மீன் என்று பெயர். லாத்தா அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள், “கோடு போட்டதுக” என்பாள். வந்த அன்று கொஞ்சம் நீந்தின. பிறகு ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. செவுள் படபடவென்று அடித்தது. இறால் நசுக்கிப் போட்டால் அது பக்கத்திலேயே விழுந்து கிடக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு அந்தப் படபடப்பு நன்றாகத் தெரிந்த ஒன்று. பரீட்சைக்கு முந்தின நாள் என் நெஞ்சு அப்படித்தான் அடித்தது.

தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற மச்சான் மாடியிலிருந்து இறுகிய தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார். மீன் இன்னும் வாடியது. “உப்புப் பத்தல” என்றார்.

இதற்கிடையில் நோன்பு பிறந்தது. நோன்பு வைத்த வாயில் கடல் தண்ணீரை ஒதுக்க முடியுமா? தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார்தான். ஆனால் மச்சானுக்குத் தான் துப்புவதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்? இந்த விஷயத்தில் மட்டும் அவர் என்னை மாதிரி. பகலெல்லாம் நாக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. இருட்டி, நோன்பு திறந்து, கஞ்சியும் வடையும் சாப்பிட்ட வாயில் தொட்டித் தண்ணீரை வைத்துப் பார்த்தால் ஒரு நாள் உவர்ப்பு, ஒரு நாள் ஒன்றுமேயில்லை.

மீன் அடுத்த வெள்ளி வரை தாங்காது என்று எனக்குப் பட்டது. எனக்கு எல்லாமே அப்படித்தான் படும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. படுத்துப் புரண்டுகொண்டிருந்தபோது டீக்கடையில் காலைப்பால் வரும் காட்சி நினைவுக்கு வந்தது. பால்காரர் கேனைத் திறந்ததும் அண்ணாச்சி ஒரு நீளக் கிளாஸில் பாலை ஊற்றி, லாக்டோமீட்டர் என்ற கண்ணாடிக் குழலை அதில் மிதக்கவிடுவார். தண்ணீர் கலந்த பால் என்றால் குழல் அதிகம் முங்கும், டிகிரி குறையும். கெட்டிப் பால் என்றால் தூக்கி நிற்கும், டிகிரி கூடும். பாலைத் தூக்கிக் காட்டுகிற குழல் கடலைக் காட்டாதா?

மறுநாள் இரண்டு பாட்டில்களோடு சைக்கிளை எடுத்தேன். ஒன்றில் உவரியிலிருந்து வந்தபடியே இருந்த தண்ணீர், மற்றதில் தொட்டித் தண்ணீர்.

“நோம்புக்காரன் டீக்கடைக்கு எதுக்குலே வாரே?” என்றார் அண்ணாச்சி.

சொன்னேன். முதலில் குழலைத் தரமாட்டேன் என்றார். உப்புப் பட்ட குழலைப் பாலில் விட்டால் பால் திரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். பயத்தை நான் மதிப்பவன், பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. “சரி, கொண்டா. வெந்நியில கழுவிக்கிடலாம்” என்று உவரித் தண்ணீரை ஊற்றி மிதக்கவிட்டார். இருபத்தைந்தை ஒட்டி நின்றது.

“இது பாலா இருந்தா, பசும்பால்ல கொஞ்சம் தண்ணி கலந்திருக்கு.”

டீ குடித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், “உவரிக் கடல்ல எவன்வே தண்ணி கலந்தான்?” என்றார். கடை முழுவதும் சிரித்தது. அடுத்து தொட்டித் தண்ணீர். குழல் விருட்டென்று எழும்பி முப்பத்திரண்டில் நின்றது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

“ஏலே, இது நயம் எருமைப் பாலுல்லா.”

“உங்க மச்சான் மீனு வளக்காரா, ஊறுகா போடுதாரா?” என்றார் கண்டக்டர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு எப்படிப் போய்ச் சொல்வது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நோன்புக் கஞ்சி அடுப்பில் இருந்த நேரத்தில் சொன்னேன். உவரித் தண்ணீரின் டிகிரிக்கு இறக்க வேண்டும், அதற்குத் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். மச்சான் முகம் சிவந்தது.

“கடல் மீனுக்கு ஆத்துத் தண்ணியா? இத்தன வருசம் தொட்டி தொடச்சவன் நானா, நீயா? பால் அளக்குற குழல வச்சி எனக்குப் பாடம் எடுக்கியா?”

பதில் சொன்னது லாத்தா. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்படியில் வந்து நின்றாள்.

“ஏங்க, நோம்பு நாளையில நா கஞ்சிய உப்புப் பாக்காமத்தான காச்சுதேன். போன வாரம் உப்பு கூடிப்போச்சு. நா என்ன செஞ்சேன்? அடுப்ப அணைச்சிட்டு ஷார்ஜாவுக்கா போனேன்? ஒரு செம்பு தண்ணி ஊத்துனேன். எல்லாருந்தான குடிச்சிய.”

மச்சான் தொட்டியைப் பார்த்தார். மூலையில் இரண்டும் செவுள் அடித்துக்கொண்டு கிடந்தன.

“ஒரு நாளைக்கு ஒரு செம்பு. பைய ஊத்தணும். அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்துனே, கைய ஒடிச்சிருவேன்” என்றார்.

குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒரு நாள் திறந்து வைத்து, மறுநாள் ஒரு செம்பு. ஊற்றியபின் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு. போகப் போக அங்கே நான் வருவதற்கென்றே சிலர் டீயை நீட்டிக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

“இன்னைக்கு எத்தன டிகிரிலே?”

“முப்பது.”

“எறங்குதா? அப்ப உங்க லாத்தா மொகம் தெளிஞ்சிருக்குமே.”

எங்கள் வீட்டு விஷயம் கொக்கிரகுளம் முழுக்கத் தெரிந்திருந்தது. நான்தான் சொல்லியிருப்பேன், வேறு யார். மீன் பிழைத்தால் மாப்பிள்ளை ஊரில் நிற்பார் என்பது அங்கே கோர்ட்டு கேஸ் மாதிரி பேசப்பட்டது. கிளாஸ் கழுவும் ஆள்கூட ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் குழல் தடாலென்று இருபதுக்குக் கீழே முங்கியது. ஆற்றைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டேன், மீன் செத்திருக்கும், மச்சான் பெட்டி கட்டுவார், லாத்தா என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்று அந்த இடத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அண்ணாச்சி பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் சைக்கிள் கேரியரில் வந்த பாட்டில், கொதித்துக் கிடந்தது.

“சூட்டுப் பாலும் இப்பிடித்தாம்லே எறங்கிக் காட்டும். ஆற வச்சிப் பாரு. அதுக்குள்ள நீ பானைத் தண்ணிய மொகத்துல அடிச்சிக்கோ.”

ஆற வைத்துப் பார்த்தோம். இருபத்தேழு. கண்டக்டர் எனக்காக ஒரு பெருமூச்சு விட்டார்.

இருபத்தைந்துக்கு வந்து நின்றபோது பெருநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அதன்பின் வற்றியதற்கு மட்டும் நல்ல தண்ணீர். தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, உப்பு போகாமல் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பது அதற்குள் எங்களுக்கு உறைத்திருந்தது. மாடிப் பேசின்கள் மறுபடி துணி ஊறவைக்கப் போயின. ஒரு பிற்பகல் லாத்தா இறால் நசுக்கிய கையோடு அடுப்படிக்கு ஓடிவந்தாள். அங்கே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம், “தின்னுதுலே” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், சத்தம் போட்டால் மீன் நிறுத்திவிடும் என்பது போல. போய்ப் பார்த்தோம். கோடு போட்டதுகள் இரண்டும் நடுத்தொட்டியில் நின்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன.

பெருநாளன்று தொழுகை முடிந்து, மச்சான் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நேராகத் தொட்டிக்குத்தான் வந்தார். நோன்பு முடிந்துவிட்டது, நாக்குக்கு மறுபடி அதிகாரம் வந்துவிட்டது. விரலை முக்கி நாக்கில் வைத்தார். கதவுக்குப் பின்னால் லாத்தாவின் வளையல் சத்தம் நின்றது.

“சப்புன்னுதான் இருக்கு” என்றார்.

மறுபடி விரலை முக்கினார். ஒரு மீன் வந்து அந்த விரலை முட்டியது. அவர் விரலை எடுக்கவில்லை.

“இதுகளுக்கு இந்த உப்பு பிடிச்சிருக்கு போல.”

“இந்தப் பக்கத்து மீனுல்லா. அதுக்கு உங்க நாக்க வச்சா பாக்க முடியும்?” என்றாள் லாத்தா கதவுக்குப் பின்னாலிருந்து.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மாப்ளே, கடைக்குப் போர்டு எழுத ஆள் பாக்கணும்லே.”

கடை பல வருடம் நடந்தது. பெரிதாக ஒன்றும் சம்பாதித்துவிடவில்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை. அந்த இரண்டு மீன்களும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் இருந்தன. இப்போது கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். மச்சானுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், சப்பென்ற கஞ்சியைக் குடித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். டீக்கடையை ரோடு அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். பால் இப்போது எல்லாக் கடைக்கும் பாக்கெட்டில் வருகிறது. அதை வெட்டி ஊற்றுகிறார்கள், எத்தனை டிகிரி என்று கேட்கும் ஆள் இல்லை. ஊரார் வீட்டு மீனுக்காகப் பெருமூச்சு விட்ட அந்தக் கண்டக்டரும் இல்லை.

இன்னொன்றும் போய்விட்டது. பெருநாள் கழிந்த மறுவாரம் திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து புறப்படும் வேன். கயிறு கட்டி, பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகள் அதன் தலையில் ஏறும். நாலைந்து வீட்டு ஆண்கள் ஒன்றாக ஏறுவார்கள். பெண்களெல்லாம் அவரவர் வாசலில் முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வேன் முக்குத் திரும்பியதும் தெருவே ஒரே குரலாக அழும். இப்போதும் போகிறவர்கள் போகிறார்கள். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு கால் டாக்சி. பக்கத்து வீட்டுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிகிறது.

அந்த வருடம் வேன் எங்கள் வாசலில் நிற்காமல் போனது. லாத்தாவும் மற்றவர்களோடு வாசலில் நின்றாள், எல்லா வருடத்தையும்விட அதிகமாக அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“ஏன் லாத்தா அழுவுதே? மச்சான் உள்ளல்லா இருக்காக.”

“அதுக்குத்தாம்ல அழுவுதேன்” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்ணைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் உட்காரவைத்தாள்.